அறுபத்து நான்கு கிலோவும் ஓர் ஆண் பூவும்

வேலூர் லாங் பஜாரில் வெங்காயம் வாங்கப் போன இடத்தில்தான் அது முதலில் காதில் விழுந்தது. ஆம்பூரில் ஒரு பரங்கிக்காய் வெடித்து நான்கு பேருக்குக் காயமாம். கடைக்காரர் தராசிலிருந்து ஒரு வெங்காயத்தை எடுத்துக் கூடையில் திரும்பப் போட்டுக்கொண்டே சொன்னார்: "போலீஸ் நாய் வந்துச்சு சார். மோந்து பாத்துட்டு அதுவே ரிவர்ஸ்ல போய்டுச்சு."

பரங்கிக்காய் எப்படி வெடிக்கும் என்று கேட்டதற்கு, "ஆம்பூர்ல வெடிக்கும் சார்" என்றார். அதற்கு மேல் ஆதாரம் கேட்டால் வெங்காயம் கிடைத்திருக்காது.

அடுத்த வாரம் ஆலங்காயத்தில் ஒரு கல்யாணப் பந்தி. அங்கே அதே காய் வேறு உருவத்தில் பரிமாறப்பட்டது. தோல் ஷாப்பில் தோல் ஊற வைக்கிற மருந்தை வேருக்கு ஊற்றி வளர்த்ததாம். நூற்றெழுபது கிலோவாம். வெட்டினால் உள்ளே பச்சையாக இருந்ததாம். நாட்றம்பள்ளியில் பஞ்சர் ஒட்டுகிறவர் இன்னும் ஒரு படி மேலே போனார். காயைக் குடைந்து, உள்ளே தங்கம் வைத்து, மூடித் தைத்துவிட்டார்களாம்.

"தைச்சாங்களா?"

"ஆமா சார். ஷூ தைக்கிற ஊரு. பரங்கிக்கா தைக்க எவ்ளோ நேரம் ஆவும்?"

ஊருக்கு ஊர் காயின் எடை மாறியது, நிறம் மாறியது, உள்ளே இருந்த சரக்கும் மாறியது. மாறாமல் இருந்தது ஒரு பெயர் மட்டும்: செலக்டர் ரஃபி பாய். மூன்று ஊர்க்காரர்கள் ஒரு மனிதரின் பெயரைப் பிழையில்லாமல் சொல்கிறார்கள் என்றால் அவர் ஒன்று தேர்தலில் நின்றிருக்க வேண்டும், அல்லது உண்மையிலேயே ஏதோ செய்திருக்க வேண்டும். விசாரித்ததில், அவர் தேர்தலில் நிற்கவில்லை.

ஆம்பூரில் பாலாற்றுப் பக்கம் ஒரு சந்து. சந்தின் கடைசி வீடு. செப்டம்பர் மாதத்து மாலை நேரம். கதவைத் திறந்தவர் அறுபத்து மூன்று வயது ரஃபி அகமது. வெள்ளைத் தொப்பி, இஸ்திரி போட்ட சட்டை, வந்தவனை மேலிருந்து கீழாக ஒரு முறை தடவிப் பார்த்துவிடுகிற கண்கள்.

"பரங்கிக்காயா? நான் அதெல்லாம் வளக்கறதில்லயே" என்றார்.

அவருக்குப் பின்னால், வீட்டுக்கும் கொல்லைக்கும் நடுவே திறந்திருந்த கதவு வழியாக ஒரு பரங்கிக் கொடி தெரிந்தது. தட்டு அகலத்துக்கு இலை இலையாக விட்டு, தோட்டத்தைத் தாண்டி, காம்பவுண்டுச் சுவரில் ஏறிக்கொண்டிருந்தது. ரஃபி அகமது மெல்லக் கையை நீட்டி அந்தக் கதவைச் சாத்தினார்.

உள்ளேயிருந்து அவர் மனைவி வஹீதாவின் குரல் வந்தது. "சார், நாளைக்குக் காலைல வாங்க. டீ குடிக்கறதுக்கு முன்னாடி இவருக்குப் பொய் சொல்ல வராது."

*

செலக்டர் என்றால் என்னவென்று தோல் பகுதிக்கு வெளியே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டும். பதப்படுத்தி முடித்த தோல்கள் ஒரு பெரிய மேசைமேல் அடுக்கடுக்காக வந்து விழும். மேசைக்கு இந்தப் பக்கம் ஒருவர் நிற்பார். ஒவ்வொரு தோலையும் விரித்து, உள்ளங்கையால் ஒரு இழுப்பு இழுப்பார். உண்ணி கடித்த குழி, முள் கீறிய கோடு, அறுக்கும்போது கத்தி பட்ட இடம் எல்லாம் அந்தக் கைக்குத் தெரியும். சாக்பீஸ் எடுத்து மூலையில் ஒரு நம்பர் போடுவார். ஒன்று என்றால் வெளிநாடு. ஆறு என்றால் உள்ளூர். ஆறுக்கும் கீழே போனால் 'ஆர்', அதாவது ரிஜெக்ட்.

ரஃபி அகமது முப்பத்து மூன்று வருடம் அந்த மேசையில் நின்றார். முதலாளியின் மைத்துனர் வாங்கி வந்த சரக்குக்கே 'ஆர்' போட்டவர் என்று பேர். அந்தக் கை வீட்டுக்கு வந்தபிறகும் ஓயவில்லை. பிரியாணிக்கு நம்பர், காலிஃபிளவருக்கு நம்பர், தைத்து வந்த சட்டைக்கு நம்பர். பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை கையைக் குலுக்கிவிட்டுப் போனதும், "மூணாம் நம்பர். ஆனா சைஸ் இருக்குது" என்றிருக்கிறார். ஜன்னல் திறந்திருந்தது. மருமகன் இன்றுவரை மாமனார் வீட்டுக்கு வந்தால் இரண்டாவது அறையில் உட்கார்ந்துதான் டீ குடிக்கிறார்.

அவர் வாழ்நாளில் எதற்குமே ஒன்றாம் நம்பர் தந்ததில்லையா என்று மறுநாள் காலையில் வஹீதாவிடம் கேட்டேன்.

"ஒரே ஒரு தடவ" என்றார் வஹீதா. "எனக்கு இல்ல. பரங்கிக்காய்க்கு."

ஓய்வு பெற்ற நான்கு வருடத்தில் முதல் வருடம் அவர் வீட்டிலிருந்த பாத்திரங்களுக்கு நம்பர் போட்டதாகத் தெரிகிறது. அந்தப் பேஜார் தாங்காமல் வஹீதாவே அவரைக் கொல்லைக்கு விரட்டினார். அப்போதுதான் போனில் வந்தது 'பாலாறு வீட்டுத்தோட்ட நண்பர்கள்' குழு. நூற்று நாற்பது பேர். நடத்துகிறவர் நவீன்குமார், மொபைல் கடை வைத்திருப்பவர், சொந்தத் தோட்டம் என்று பார்த்தால் கல்லாப்பெட்டி மேல் பாட்டிலில் ஒரு மணி பிளாண்ட். குழுவில் யாரோ வெளிநாட்டு ராட்சதப் பரங்கி விதை வரவழைத்துப் பகிர்ந்தார்கள். அங்கே குளிர்நாட்டில் நானூறு ஐந்நூறு கிலோ காய்க்கிற ஜாதி. நம் ஊர் வெயிலுக்கு ஐம்பது கிலோ வந்தாலே பெரிய விஷயம். ஜனவரி கடைசி ஞாயிறு போட்டி என்று முடிவானது.

போட்டிக்கு விதி எழுத ஆள் வேண்டும். குறை கண்டுபிடிக்க இந்த ஊரில் ரஃபி பாயைவிட யார்? பதினேழு விதி எழுதினார். அதில் ஏழாவது அவரே இரண்டு முறை அடிக்கோடு போட்டது: காயின் தோலில் ஓட்டையோ, வெடிப்போ, அடைப்போ ஊசிமுனையளவு இருந்தாலும், எடை எவ்வளவானாலும் தள்ளுபடி.

'அடைப்போ' என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். ஓட்டையை அடைத்து வைத்து ஏமாற்றலாம் என்ற யோசனையே மற்ற நூற்று முப்பத்தொன்பது பேருக்கும் வந்திருக்காது.

*

முதல் வருடப் போட்டியில் அவர் காய் முப்பது கிலோகூடத் தேறவில்லை. அந்த வருடம் பெரிய காய் அம்பிகாவுடையது. நாற்பத்தொரு கிலோ.

அம்பிகா சுவருக்கு அந்தப் பக்கத்து வீடு. ஷூ கம்பெனியில் செக்கிங் செக்ஷன். தைத்து வருகிற மேல்தோலில் குறை இருந்தால் திருப்பி அனுப்புகிற வேலை. ஆக ஒரே சுவருக்கு இரண்டு பக்கமும் குறை பார்ப்பவர்கள். வித்தியாசம் என்னவென்றால் அம்பிகா அதைக் கம்பெனி கேட்டிலேயே விட்டுவிட்டு வருவார்.

ரஃபி அகமது அந்த நாற்பத்தொரு கிலோவின் மேல் உள்ளங்கையை ஓட்டினார். அடிப்பக்கம் வந்ததும் கட்டைவிரல் நின்றது. அணில் கடித்த ஒரு சின்னப் பொத்தல். ஆறிக் காய்ந்து தழும்பாகிப்போனது. மறுபேச்சில்லை. சட்டைப் பையிலிருந்து சாக்பீஸை எடுத்து, காயின் வயிற்றில் பெரிதாக 'ஆர்' என்று எழுதினார்.

"பாய், அணிலு கடிச்சதுக்கு நான் இன்னா பண்ணுவேன்?" என்று அம்பிகா கேட்டிருக்கிறார்.

"அணிலுக்கும் சேத்துதாம்மா ரூல்ஸ்."

வயிற்றில் அந்த எழுத்தோடு காய் ஆட்டோவில் சந்துக்குத் திரும்பியது. சந்துப் பிள்ளைகள் அதைப் படித்துப் படித்துக் கூடவே ஓடி வந்தார்கள். அம்பிகா அன்றைக்கே அதை வெட்டிச் சாம்பார் வைத்து எல்லா வீட்டுக்கும் அனுப்பினார். ரஃபி அகமது இரண்டு கரண்டி ஊற்றிக்கொண்டு, சாம்பாருக்கு இரண்டாம் நம்பர் கொடுத்தார். அது அம்பிகா காதுக்குப் போகாமல் வஹீதா பார்த்துக்கொண்டார் என்பது வஹீதாவின் கட்சி. போனது என்பது அம்பிகாவின் கட்சி.

போன வருடம், அக்டோபரில் ஒரு காலை. பரங்கியில் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. பெண் பூவின் அடியில் கோலிக்குண்டு மாதிரி ஒரு பிஞ்சு இருக்கும். விடியும்போது மலரும், ஒன்பது மணிக்கெல்லாம் மூடிக்கொள்ளும். அதற்குள் ஆண் பூ ஒன்றைப் பறித்து, இதழைப் பிய்த்துப் போட்டுவிட்டு, நடுவில் இருக்கிற மஞ்சள் தூளைப் பெண் பூவுக்குள் தடவிவிட வேண்டும். தேனீயை நம்பினால் காய் பிடிக்கலாம், பிடிக்காமலும் போகலாம். ரஃபி அகமது யாரையும் நம்புகிறவர் அல்ல, தேனீ உட்பட.

அன்றைக்கு அவர் கொடியில், நடுத்தண்டில், எந்த இடத்தில் காய் பிடித்தால் பெரிதாகுமோ அதே இடத்தில் ஒரு பெண் பூ மலர்ந்திருந்தது. ஆண் பூ ஒன்றுகூட இல்லை. முந்தின நாள் சாயங்காலம் மொட்டெல்லாம் பறித்து வஹீதா பஜ்ஜி போட்டிருந்தார்.

"வீணாத்தானே போகுதுன்னு நெனச்சேன் சார்" என்றார் வஹீதா. "நல்லாத்தான் இருந்துச்சு. நாலாம் நம்பர் குடுத்துட்டு எட்டு தின்னாரு."

மணி எட்டே கால். வேறு வழியில்லாமல் ரஃபி அகமது சுவரோரம் போய் நின்று தொண்டையைச் செருமினார். ஒன்பது மாதத்துக்கு முன் யார் காயில் சாக்பீஸால் எழுதினாரோ அவரிடம் பூ கேட்பது எப்படி என்று பதினேழு விதியில் எதிலும் இல்லை. அம்பிகா வேலைக்குக் கிளம்பி, டிபன் பாக்ஸும் கையுமாக நின்றார். விஷயத்தைக் கேட்டு முதலில் வயிறு குலுங்கச் சிரித்தார். பிறகு தன் கொடியிலிருந்து இருப்பதிலேயே பெரிய ஆண் பூவாகப் பார்த்துப் பறித்துச் சுவருக்கு மேலே நீட்டினார்.

"இந்தாங்க பாய். சும்மா இல்ல, கடன்."

"இன்னா தரணும்?"

"பூ வாங்கினா பூதான். என் கொடிக்கு வேணும்னு ஒரு நாள் கேப்பேன். அப்போ நீங்களே கொண்டாந்து குடுக்கணும். வேற எதையாவது தூக்கிக்கிட்டு வந்தா வாங்க மாட்டேன்."

"குடுத்துட்றேம்மா" என்றார் ரஃபி அகமது. வாங்கின பூவுக்கு அன்று நம்பர் போடவில்லை. அவசரம்.

*

அந்தப் பிஞ்சு நின்றது. நின்றது மட்டுமல்ல, நாளுக்கு ஒரு சுற்று ஊதியது. அடியில் மணல் மெத்தை, மேலே தார்ப்பாய்ப் பந்தல், வெயிலுக்கு வஹீதாவின் பழைய வாயில் புடவை. மீன் கழிவையும் வெல்லத்தையும் ஊற வைத்து அவர் ஊற்றிய தண்ணீரின் வாசனையில் சந்துப் பூனைகள் எல்லாம் குடும்பத்தோடு வந்து தங்கின. விடிந்ததும் டேப் எடுத்து அளப்பார், நோட்டில் எழுதுவார். அந்தக் காய்க்குத்தான் வாழ்க்கையில் முதல் முறையாக, தொழுகை முடித்து வந்த ஒரு காலையில், மெல்லத் தட்டிக்கொடுத்துச் சொன்னார்: "ஒண்ணாம் நம்பர்."

"நிக்காஹ் ஆகி முப்பத்தஞ்சு வருஷம்" என்றார் வஹீதா. "எனக்கு வளையல் வாங்கக்கூட இவரு என் கைய அளந்ததில்ல."

ஜனவரி வந்தது. போட்டிக்குப் பதின்மூன்று நாள் இருக்கும்போது நவீன்குமார் இரண்டு வீட்டுக்கும் வந்து டேப் பிடித்துப் பார்த்துவிட்டு, அம்பிகாவின் காய் ஒரு பிடி ஜாஸ்தி இருக்கும் போலிருக்கிறது என்று சும்மா சொல்லிவிட்டுப் போனார். ரஃபி அகமது அன்று சாப்பிடவில்லை. மறுநாளிலிருந்து மூன்று நாள், காலை மாலை இரண்டு வேளையும் கொடிக்கு இரட்டிப்புத் தண்ணீர். நான்காம் நாள் விடிகாலை புடவையை விலக்கியவர் அப்படியே குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டார்.

காம்பின் அடியில் விரல் நீளத்துக்கு ஒரு வெடிப்பு. வேகமாக ஊதிய காய் தாங்காமல் பிளந்திருந்தது. துடைப்பக் குச்சியை விட்டுப் பார்த்தார். குச்சி போய்க்கொண்டே இருந்தது.

அவர் வீட்டு ஷோகேசில், பீங்கான் கோப்பைகளுக்கு நடுவே, ஒரு பழைய டப்பா உண்டு. உள்ளே 'ஸ்டக்கோ' என்று தோல் ஷாப்பில் சொல்கிற மெழுகுக் களிம்பு. தோலில் இருக்கிற பொத்தலை இதை வைத்து அடைத்து, மேலே வர்ணம் அடித்துத் தேய்த்துவிட்டால் கண்ணுக்குத் தெரியாது. ஃபினிஷிங் செக்ஷனில் யாசிர் என்ற ஒருவர் இப்படி அடைத்து அனுப்பிய தோலை ரஃபி அகமதுவின் கை கண்டுபிடித்தது. நாற்பது பேருக்கு முன்னால் யாசிரை மேசைக்கு வரவழைத்து, நகத்தால் அந்தக் களிம்பை நோண்டி எடுத்து, அவர் உள்ளங்கையிலேயே வைத்தார். "கண்ண ஏமாத்தலாம் தம்பி. இந்தக் கைய ஏமாத்த முடியாது." யாசிர் அந்த வாரமே கணக்கு முடித்துக்கொண்டு ராணிப்பேட்டைப் பக்கம் போய்விட்டார். டப்பாவை ரஃபி அகமது வீட்டுக்குக் கொண்டுவந்து, வருகிறவர்களுக்கெல்லாம் காட்டினார். பந்தயத்தில் கோப்பை வாங்கிய வீட்டில் கோப்பையை வைப்பார்கள்; இவர் வீட்டில் அது.

அன்று காலை ஷோகேசைத் திறந்தார்.

களிம்பை அடுப்பில் காட்டினார். இளகியது. வெடிப்புக்குள் விட்டு, விரலால் அழுத்தி, வழித்தார். மஞ்சள் தூளில் கொஞ்சம் கேசரிப் பொடி கலந்து நிறம் சேர்த்தார். காய்ந்ததும் கம்பளித் துணியால் வட்டம் வட்டமாகத் தேய்த்தார். கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையை ஓட்டிப் பார்த்தார். கை நிற்கவில்லை. முப்பத்து மூன்று வருட அனுபவம் முழுவதும் அந்த விரல் நீளத்துக்குள் இறங்கியிருந்தது.

"இன்னா பண்றீங்க?" என்று வஹீதா கேட்டார்.

"பாலிஷ்."

"காய்க்கு எதுக்குப் பாலிஷ்?"

வஹீதா ஷோகேசைப் பார்த்தார். கோப்பைகளுக்கு நடுவே டப்பா அளவுக்கு ஒரு வட்டம், தூசி இல்லாமல், பளிச்சென்று இருந்தது.

*

இங்கேதான் ஒன்றைக் கவனிக்கத் தவறினார், தோல்காரர் மட்டுமே தவறவிடக்கூடிய ஒன்று. மேசைக்கு வருகிற தோல் செத்தது. அடைத்தால் அடைத்தபடி கிடக்கும். காய் செத்ததல்ல. உள்ளே போன காற்றும் ஈரமும் வெளியே வர வழியில்லாமல் ஒன்பது நாள் நொதித்தன. வெளியே ஒன்றாம் நம்பராகவே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை, கல்யாண மண்டபத்து வாசலில் ஷாமியானா. முதலில் விதிப்படி பரிசோதனை. அம்பிகாவின் காயை ரஃபி அகமது தொட்டுப் பார்த்தார். வழக்கத்தைவிட அதிக நேரம் ஆயிற்று. மேலே, கீழே, காம்படி, மறுபடி கீழே. அவர் குறையைத் தேடவில்லை, குறைக்காகக் கெஞ்சிக்கொண்டிருந்தார் என்று இப்போது அவரே சொல்கிறார். ஒன்றும் அகப்படவில்லை. "க்ளீன்" என்றார். மைக்கில் விழவில்லை.

அவர் காயை யார் பார்ப்பது? "யாராவது செக் பண்ணுங்கப்பா" என்று அவரே சொல்லியும் பார்த்தார். நவீன்குமார் மைக்கிலேயே சிரித்துவிட்டார். "உங்க காய நாங்க செக் பண்றதா? நல்லாருக்குதே பாய்!" கூட்டம் கைதட்டியது.

"அந்தக் கைதட்டு சார்" என்றார் ரஃபி அகமது. கொல்லையில், டீ இன்னும் வராத அந்தக் காலையில், அவர் வாய் திறந்து சொன்ன முதல் வாக்கியம் அதுதான். பிறகு கொடியின் இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

அம்பிகாவின் காய் அறுபத்தொரு கிலோ. ரஃபி அகமதுவின் காய் அறுபத்து நான்கு. மாலை போட்டார்கள், மனிதருக்கு ஒன்று, காய்க்கு ஒன்று. மண்டப வாசலில் பதினொரு மணி வெயில். ரஃபி அகமதுவும் நவீன்குமாரும் காயின் இரண்டு பக்கம் நிற்க, பின்னால் பேனர். பேனரில் 'விதிக்குழுத் தலைவர்' என்று போட்டு ரஃபி அகமதுவின் முகம் ஆளுயரத்துக்கு. நவீன்குமார் போட்டோவுக்காகக் காயின் மேல் கையை ஊன்றி லேசாகச் சாய்ந்தார்.

குண்டுச் சத்தமெல்லாம் இல்லை. சைக்கிள் டயரில் காற்றுப் போகிற மாதிரி ஒரு 'புஸ்'. அடைப்பு தெறித்தது. பின்னாலேயே மஞ்சளாக, நாரும் விதையும் நாற்றமுமாக, ஒரு பீய்ச்சல் பேனர்மேல் போய் அடித்தது. விதிக்குழுத் தலைவரின் முகம் கண்ணிலிருந்து தாடிவரை வழிந்தது. காயம்பட்டவர் யாருமில்லை. நாய் ஒன்று வந்தது உண்மை, சந்து நாய், ரிவர்ஸில் போனதும் உண்மை.

தெறித்த அடைப்பு அம்பிகாவின் செருப்பருகே விழுந்திருந்தது. குனிந்து எடுத்தார். இரண்டு விரலுக்கு நடுவே வைத்து நசுக்கினார். செக்கிங் செக்ஷனில் பன்னிரண்டு வருடம். அது என்னவென்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நிமிர்ந்து ரஃபி அகமதுவைப் பார்த்தார்.

"நூறு பேரு என்னைப் பாத்துக்கிட்டிருந்தாங்க சார். எனக்கு அவங்க ஒருத்தர்தான் தெரிஞ்சாங்க" என்றார் ரஃபி அகமது. "சொல்லப் போறாங்கன்னு நின்னேன். சொல்லிட்டா தேவலன்னுகூட இருந்துச்சு."

அம்பிகா அந்தத் துண்டைக் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தார். கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார்: "வெய்யிலுங்க. இந்த வெய்யில்ல எதுதான் வெடிக்காது?"

எடை போட்டபோது முழுசாகத்தானே இருந்தது என்று நவீன்குமார் தீர்ப்புச் சொன்னார். எல்லோரும் ஆமாம் என்றார்கள், பாவம் பாய் என்றார்கள். முதல் பரிசு கிரைண்டர் ரஃபி அகமதுவின் ஆட்டோவில் ஏறியது. அவர் வாய் திறக்கவில்லை. 'திறக்க வரவில்லை' என்று எழுதும்படி கேட்டுக்கொண்டார். இரண்டையுமே எழுதியாயிற்று.

*

பெட்டி பிரிக்காத அந்தக் கிரைண்டரை எட்டு நாள் சுற்றிச் சுற்றி நடந்தார். ஒன்பதாம் நாள் வஹீதாவிடம் கொடுத்து அம்பிகா வீட்டுக்கு அனுப்பினார். அம்பிகா வாங்கிக்கொண்டார்.

"நான் எதுக்கு வேணாம்னு சொல்லணும்? அது என்னுது" என்றார் அம்பிகா, அவர் வீட்டு வாசலில் விசாரித்தபோது. பின்னால் கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. "வஹீதாக்கா கிட்ட சொல்லி அனுப்பிச்சேன். இது பரிசு, கடன் இல்ல. பூ அப்பிடியேதான் நிக்குது. அவரே வரணும்."

"ஏன் அன்றைக்கு நீங்கள் சொல்லவில்லை?"

"அதுக்கு முந்தின வருஷம் என் காயில எழுதினாரே, அத சந்துப் பசங்க படிச்சுக்கிட்டே ஓடி வந்தாங்க. அது எப்பிடி இருக்கும்னு எனக்குத் தெரியும் சார். அதான்."

எட்டு மாதமாக ரஃபி அகமது சந்தின் நேர்வழியில் போவதில்லை. அம்பிகாவின் வாசலைத் தாண்ட வேண்டுமே என்று ஆற்றுப் பக்கமாகச் சுற்றிக்கொண்டு பள்ளிவாசலுக்குப் போகிறார். குழுவிலிருந்து விலகிவிட்டார். ஷோகேசில் டப்பா இல்லை. சாப்பாட்டுக்கு நம்பர் இல்லை.

"நம்பர் போடாததுதான் எனக்குப் பயமா இருக்குது" என்றார் வஹீதா. "நேத்து உப்பே போடாம குடுத்துப் பாத்தேன். சாப்ட்டுட்டு எழுந்து போய்ட்டாரு."

சரி, ஊரெல்லாம் குண்டு என்கிறார்கள், மருந்து என்கிறார்கள், தங்கம் என்கிறார்கள். ஏன் ஒரு மறுப்புக்கூடச் சொல்லவில்லை?

ரஃபி அகமது தரையைப் பார்த்தார். "குண்டுன்னா பரவால்ல சார்."

"நாட்றம்பள்ளில இருந்து ஒருத்தன் போன் பண்ணி, உள்ள தங்கமா பாய்னு கேட்டான்" என்று சமையலறையிலிருந்து வஹீதா சொன்னார். "இவரு இல்லன்னு சொல்லல. 'அதெல்லாம் போன்ல பேசக் கூடாது'ன்னு வெச்சுட்டாரு!"

ஆக, வதந்திக்கு நீர் ஊற்றி வளர்த்த தோட்டக்காரர் அகப்பட்டுவிட்டார். அதுவும் வீட்டுக் கொல்லையிலேயே.

அவர் காதுமடல் சிவந்தது. "எழுதுங்க சார். பேரு போட்டே எழுதுங்க. யாசிர் பேரும் போடுங்க. என் வாயால சொல்லப் போனா எச்சில் எறங்க மாட்டேங்குது."

இந்த வருடம் அவர் விதை ஊன்றவில்லை. வெடித்த காயை மூலையில் குழி தோண்டிப் புதைத்தார், யார் கண்ணிலும் படக் கூடாது என்று. ஆடி மழையில் அது தானாக முளைத்து, அவர் தண்ணீர் ஊற்றாமலே படர்ந்து, அம்பிகாவின் சுவரில்தான் ஏறியிருக்கிறது. அன்று காலை அதில் எண்ணிப் பார்த்ததில் பதினொரு ஆண் பூக்கள்.

எட்டு மணிக்குச் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது.

"பாய்! இருக்கீங்களா? எங்கிட்ட இன்னிக்கு ஒரு பெண் பூ. ஆண் பூ எல்லாத்தையும் ஆடு மேஞ்சுட்டுப் போய்டுச்சு."

ரஃபி அகமது எழுந்து கொடியருகே போனார். பதினொன்றையும் பார்த்தார், ஒவ்வொன்றாகத் தொட்டார். ஒன்றைத் தேர்ந்து, காம்போடு கிள்ளி, இதழ்களைப் பிய்த்தார். விரல் நுனியில் மஞ்சள் தூளோடு சுவரை நோக்கி ஆறடி நடந்தார். சுவர் அவர் கண் உயரம்தான். மேலே எட்டினால் முகம் தெரியும். அவர் எட்டவில்லை, முழங்காலை மடக்கி, கொடியின் அகல இலைகளுக்குக் கீழே உட்கார்ந்துவிட்டார், கையில் பூவோடு, அறுபத்து மூன்று வயதில்.

வஹீதா வந்து அடிக்குரலில், "குடுங்க, நான் குடுத்துட்டு வர்றேன்" என்றார். அவர் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டார். "நானேதான் குடுக்கணும்னு சொல்லி இருக்காங்க."

"அப்ப எழுந்திருங்க."

"இரு."

"பாய், மணி ஆவுது! பூ சுருங்குது!"

சுவருக்கு மேலே அம்பிகாவின் கூந்தலில் செருகிய கனகாம்பரம் மட்டும் தெரிந்தது. ஒரு தொண்டைச் செருமல் போதும். ரஃபி அகமது பூவை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டார். ஒன்பதுக்குக் கொஞ்சம் முன்னால் கனகாம்பரம் நகர்ந்தது. "சரி பாய். வியாழக்கெழம இன்னொண்ணு மலரும்" என்று கொடியைப் பார்த்துச் சொல்கிற மாதிரி சொன்னார். அந்தப் பக்கத்துக் கதவு சாத்திக்கொண்டது.

ரஃபி அகமது எழுந்தார். வாடிய பூவைத் தூக்கிப் போட மனமில்லாமல், முன்பு சாக்பீஸ் வைத்திருந்த சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில், பைக்கு வெளியே, மஞ்சள் பூத்துத் தெரிந்தது. அந்தக் கறை சோப்புக்குப் போகாது என்றார் வஹீதா.

இதை எழுதும்போது வியாழக்கிழமை கடந்து இரண்டு நாள் ஆகிறது. வஹீதாவுக்குப் போன் செய்து கேட்டேன். பூ இன்னும் போய்ச் சேரவில்லை.